குளோரினும் புளோரைடும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீரைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் எல்லாம், அது கிராம சபையானாலும் குழாயடியானாலும், இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வந்து விழுகின்றன. குளோரின், புளோரைடு என்னும் அச்சொற்கள் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பரிசோதனை அறிக்கையில் குளோரைடு, புளோரைடு என்று அடுத்தடுத்து எழுதப்படும்போது முதல் எழுத்தைத் தவிர வேறுபாடே இல்லை. குழப்பம் பெயரோடு நின்றுவிட்டால் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் எந்தக் குடத்துத் தண்ணீரைக் குடிப்பது, எதைக் கீழே ஊற்றுவது என்ற முடிவையே அது மாற்றிவிடுகிறது. ஆகவே திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

குளோரினும் புளோரைடும் ஒன்றுதானே? இங்கிலீஷில் இரண்டு விதமாகச் சொல்கிறார்களா?

இரண்டும் வெவ்வேறு பொருள்கள். குளோரின் என்பது கிருமிகளைக் கொல்வதற்காக மனிதர்கள் தண்ணீரில் சேர்ப்பது. மேல்நிலைத் தொட்டியில் ஆபரேட்டர் கரைத்து ஊற்றும் ப்ளீச்சிங் பவுடரிலிருந்து கிடைப்பது அதுதான். புளோரைடு நம் ஊர்த் தண்ணீரில் யாரும் சேர்க்காமலே இருப்பது. பூமிக்கடியில் பாறையிலிருந்து கரைந்து வருவது.

இன்னொரு வேறுபாட்டை மூக்கே காட்டிவிடும். குளோரினுக்கு வாசனை உண்டு; சிலரால் ஒரு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இருந்தாலே உணர முடியும். குடிநீரில் காணப்படும் அளவுகளில் புளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை தானாகவே விளங்கும்.

தொட்டியில் மருந்து போடுவதால்தான் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பாகிறது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்களே?

இந்த மருந்துக்கும் அந்தக் கறைக்கும் தொடர்பில்லை. குடிநீரில் போடப்படும் அளவுக் குளோரின் பல்லில் கறை உண்டாக்குவதில்லை. பல்லில் வெண்மையான திட்டுகளாகத் தொடங்கி, மஞ்சளும் பழுப்புமான குறுக்குக் கோடுகளாகத் தெரியும் மாற்றத்துக்கு புளோரோசிஸ் என்று பெயர். அளவுக்கு மிஞ்சிய புளோரைடால் வருவது. இந்தப் பெயரும் புளோரைடிலிருந்து வந்ததே, குளோரினிலிருந்து அல்ல.

புளோரோசிஸ் கறை பல்லின் மேல் படிவது அன்று. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயது வரை, குழந்தை குடித்த தண்ணீரில் புளோரைடு மிகுந்திருந்தால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் சரியாக இறுகாமல் போகிறது. அந்தப் பல் பின்னர் முளைக்கும்போதே கறையோடு முளைக்கிறது. ஆகையால் 9 வயதுப் பிள்ளையின் பல்லில் இன்று தெரியும் கோடு, சில ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் குடிக்கப்பட்ட தண்ணீரைப் பற்றிச் சொல்கிறதே தவிர, சென்ற மாதம் தொட்டியில் கொட்டிய பவுடரைப் பற்றி அல்ல. புகையிலை, வெற்றிலைக் கறையைப் பல் மருத்துவர் சுரண்டி எடுத்துவிட முடியும்; புளோரோசிஸ் கறையை அவ்வாறு சுரண்ட முடியாது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துத் தயங்கினார்கள் என்று வருந்தும் குடும்பங்கள் இங்கே உண்டு. அந்த வருத்தத்தை ஆபரேட்டரின் ப்ளீச்சிங் பவுடர் மேல் ஏற்றிச் சொல்வதால், உண்மையான காரணம் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் தம்ளரிலும் அப்படியே இருந்துவிடுகிறது.

யாரும் சேர்க்காத புளோரைடு எங்கள் போரில் எப்படி வந்தது? ஆலைக் கழிவா?

பெரும்பாலும் பாறையே காரணம். இவ்விரு மாவட்டங்களின் அடித்தளம் கிரானைட், நைஸ், சார்னோக்கைட் முதலிய கடும் பாறைகளால் ஆனது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டி போன்ற இடங்களில் கார்பனடைட் என்னும் அரிய பாறை வகையும் உண்டு. இப்பாறைகளில் உள்ள புளோரைட், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் புளோரைடு கட்டுண்டு கிடக்கிறது. மழைநீர் வெடிப்புகளின் வழியே இறங்கி, பாறையோடு நீண்ட காலம் தங்கும்போது அது மெல்லக் கரைகிறது. தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்து, கால்சியம் குறைந்திருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும்.

வானம் பார்த்த பூமியில் திறந்த கிணறுகள் வற்ற வற்ற, போரை ஆழமாக்கிக்கொண்டே போனோம். ஆழத்தில் கிடைப்பது பெரும்பாலும் பாறையோடு நெடுநாள் உறவாடிய பழைய தண்ணீர். ஆயினும் ஆழம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்துவிட இயலாது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துப் போர்களிலேயே அளவு பெரிதும் மாறுபடக்கூடும். அண்ணன் வீட்டுத் தண்ணீரைச் சோதித்த அறிக்கையைத் தம்பி வீட்டுத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

எது எவ்வளவு இருக்கலாம்?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 தான். வெயில் மிகுந்த ஊர்களில் மக்கள் அதிகம் தண்ணீர் குடிப்பதால், அதே அடர்த்தியிலும் உடலுக்குள் செல்லும் புளோரைடு கூடிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

குளோரினுக்கு மேல் வரம்போடு கீழ் வரம்பும் உண்டு. கிருமிகளைக் கொன்ற பிறகும், குழாயில் வந்து சேரும் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும். இதை எச்சக் குளோரின் என்பார்கள். மேல் வரம்பு 1 மில்லிகிராம். ஆக, குழாயடியில் எச்சக் குளோரின் சுழியம் என்று வந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. வழியில் கிருமி புகுந்தால் தடுக்க ஆளில்லை என்பதே அதற்குப் பொருள்.

ஒகேனக்கல் தண்ணீரில் மருந்து வாசனை அடிக்கிறது. எங்கள் போர் தண்ணீர் வாசனையே இல்லாமல் இனிப்பாக இருக்கிறது. அதனால் குடிக்கப் போர் தண்ணீரும், துணி துவைக்க ஒகேனக்கல் தண்ணீரும் வைத்துக்கொள்கிறோம். சரிதானே?

இது சரியல்ல. இந்தத் தொகுப்பை எழுத வேண்டும் என்று தோன்றியதே பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியால்தான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கு வந்ததற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை ஒரு காரணம் என்றால், புளோரைடு மற்றொரு காரணம். திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றிய இத்திட்டத்துக்கு 2008ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு, 2013ஆம் ஆண்டு மே மாதம் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஓடும் ஆற்று நீர் பாறை இடுக்கில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்பதில்லை என்பதால் காவிரி நீரில் புளோரைடு குறைவு. அந்த நீரைச் சுத்திகரித்து நெடுந்தொலைவு குழாயில் அனுப்புகிறார்கள். போகும் வழியில் குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிடும். கடைசி ஊர்க் குழாயிலும் 0.2 மிச்சமிருக்க வேண்டுமானால் தொடக்கத்தில் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், இடையிலும் சேர்க்க வேண்டும். உங்கள் மூக்குக்கு எட்டும் வாசனை அந்த ஏற்பாட்டின் அடையாளம்.

வாசனை அடிப்பதை ஒதுக்கி, வாசனை இல்லாததைக் குடிக்கும்போது, புளோரைடு குறைந்த தண்ணீரில் துணியைத் துவைத்துவிட்டு, புளோரைடு மிகுந்திருக்கக்கூடிய தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். துணிக்குப் புளோரைடால் கேடில்லை. குளிக்கவும் மாட்டைக் கழுவவும் பாத்திரம் துலக்கவும் போர் தண்ணீரே போதும். குடிப்பதற்கும் சோறு, களி, குழம்பு ஆக்குவதற்கும் ஒகேனக்கல் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். வாசனை பிடிக்கவில்லை என்றால் பிடித்த தண்ணீரை அகலமான பாத்திரத்தில் மெல்லிய துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் வாசனை பெரிதும் தணிந்துவிடும். பானையில் ஊற்றி வைத்தாலும் மறுநாள் காலையில் தெரியாது.

கொதிக்க வைத்தால் இரண்டும் போய்விடுமா?

குளோரின் போய்விடும். புளோரைடு போகாது, அது உப்பைப் போலக் கரைந்திருப்பதால் ஆவியோடு வெளியேறுவதில்லை. நீர் மட்டும் ஆவியாவதால் மீதித் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடவே செய்யும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் புளோரைடு உள்ள 10 லிட்டர் தண்ணீர் 8 லிட்டராகச் சுண்டினால் அது 2.5 மில்லிகிராம் ஆகிவிடும். கிருமிக்கு அஞ்சிக் கொதிக்க வைப்பது நல்ல பழக்கம். ஆனால் புளோரைடு உள்ள போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குவோர், கிருமி ஒன்றை மட்டுமே நீக்கியிருக்கிறார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த அறிக்கையில் 320 என்று போட்டிருக்கிறது. ஒன்றரைக்கு மேலே இருக்கக் கூடாது என்கிறீர்கள். எங்கள் ஊர் என்ன ஆவது?

அந்த 320 எந்த வரியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அறிக்கையில் குளோரைடு என்று ஒரு வரி, புளோரைடு என்று ஒரு வரி, சில அறிக்கைகளில் எச்சக் குளோரின் என்று மற்றொரு வரி இருக்கும். மூன்றும் மூன்று வேறு செய்திகள். குளோரைடு என்பது சாப்பாட்டு உப்பில் இருக்கும் பகுதி; தண்ணீரின் உவர்ப்போடு தொடர்புடையது. அதற்கு 250 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லாதபோது 1000 வரை அனுமதி. எனவே குளோரைடு 320 என்றால் கொஞ்சம் உவர்ப்பு இருக்கலாம், அச்சப்பட ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. புளோரைடு வரியில் 2.8 என்று இருப்பதை, மற்ற எண்களோடு ஒப்பிட்டு, மிகச் சிறிய எண்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வரியில் 2.8 என்பது பெரிய எண். குளோரைடு கூடினால் புளோரைடும் கூடும் என்ற விதியும் கிடையாது. உவர் நீரில் புளோரைடு குறைவாகவும், நாவுக்கு இனிக்கும் நீரில் மிகுதியாகவும் இருப்பதுண்டு. அறிக்கையைக் கையால் படியெடுத்து எழுதும்போது கு, பு என்னும் எழுத்துகளைத் தெளிவாக எழுதும்படி ஊராட்சிச் செயலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கள ஆய்வுப் பெட்டியில் தண்ணீர் மஞ்சளானது. நல்லதா, கெட்டதா?

எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊருக்கு 5 பெண்கள் வீதம் இப்பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தரப்படுகிறது. அவர்களிடமிருந்தே இக்கேள்வி வருகிறது. குளோரினுக்காக ஆர்த்தோடொலிடின் சொட்டு விடும்போது மஞ்சள் தோன்றினால் எச்சக் குளோரின் இருக்கிறது என்று பொருள். வரவேற்க வேண்டிய நிறம். புளோரைடுக்காக விடும் சிர்கோனியம் சாயக் கரைசலில் இளஞ்சிவப்பு அப்படியே நின்றால் புளோரைடு குறைவு, மஞ்சளை நோக்கி மாறினால் மிகுதி. ஆகவே பதிவேட்டில் நிறத்தை மட்டும் எழுதாமல் சோதனையின் பெயரையும் எழுத வேண்டும். சோதித்த தண்ணீரைத் திரும்பக் குடத்தில் ஊற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. குளோரின் சாயங்களை வெளுக்கச் செய்யும் இயல்புடையது. மருந்து போட்ட தண்ணீரில் புளோரைடு சோதனை செய்தால் நிறம் தவறாகக் காட்டக்கூடும். போரின் புளோரைடை அறிய வேண்டுமானால் மோட்டார் குழாயிலிருந்தே, மருந்து சேரும் முன், மாதிரி எடுங்கள். அது முடியாதபோது தண்ணீரில் குளோரின் உள்ளது என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டால், அவர்கள் அதை நீக்கிவிட்டுச் சோதிப்பார்கள்.

புத்தகத்தில் புளோரின் என்று இருக்கிறதே, அது வேறா?

புளோரின் என்பது தனிமம். வெளிர் மஞ்சள் நிற வாயு. தொட்ட எல்லாவற்றோடும் வினைபுரியும் கொடிய நச்சு. அதைத் தனியே பிரித்தெடுக்க ஹென்றி முவாசான் என்னும் பிரெஞ்சு அறிஞருக்கு 1886இல்தான் முடிந்தது. 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாயு தண்ணீரில் அப்படியே நிலைத்திருக்க முடியாது. தண்ணீரில் இருப்பது புளோரைடு அயனி. குளோரினும் புளோரினும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மை. பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபில்டர் மாட்டிய பிறகு வாசனை சுத்தமாக நின்றுவிட்டது. இனி புளோரைடு பயம் இல்லைதானே?

வாசனை நின்றது குளோரின் நீங்கியதற்கு அடையாளம். கரித்தூள் உள்ள எந்த வடிகட்டியும் குளோரினை எளிதில் நீக்கிவிடும். கேண்டில் ஃபில்டரும் புற ஊதா ஒளி விளக்கும் கிருமிக்கானவை. இவை மூன்றுமே புளோரைடைத் தொடுவதில்லை. புளோரைடை நீக்குவது ஆர்.ஓ. சவ்வும், கிளர்வூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டியும்தான். அலுமினாவை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், சவ்வை மாற்ற வேண்டும்.

விற்பனையாளர் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுவார். அந்த எண் கரைந்துள்ள எல்லா உப்புகளின் கூட்டுத்தொகை. 600 என்று காட்டும் தண்ணீரில் புளோரைடு 0.5 இருக்கிறதா 3 இருக்கிறதா என்பதை மீட்டரால் சொல்ல முடியாது. புளோரைடுக்குத் தனிச் சோதனை வேண்டும்.

நல்கொண்டா முறையில் புளோரைடை எடுக்க ப்ளீச்சிங் பவுடரும் போடுகிறார்களாமே? அப்படியென்றால் குளோரின் போட்டாலே புளோரைடு போய்விடாதா?

நன்கு கவனித்துக் கேட்கப்பட்ட கேள்வி. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கி, தெலங்கானாவின் நல்கொண்டா பெயரால் வழங்கும் அம்முறையில் படிகாரம், சுண்ணாம்பு, ப்ளீச்சிங் பவுடர் மூன்றும் சேர்க்கப்படுகின்றன. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் அலுமினியக் கூழ் திப்பிகளாகி, புளோரைடைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. ப்ளீச்சிங் பவுடர் அங்கேயும் தன் வழக்கமான வேலையான கிருமி நீக்கத்தைத்தான் செய்கிறது. அதை மட்டும் எவ்வளவு கொட்டினாலும் புளோரைடு ஒரு துளியும் குறையாது.

டூத் பேஸ்ட் விளம்பரத்தில் புளோரைடு பல்லுக்கு நல்லது என்கிறார்கள். நீங்கள் கெடுதல் என்கிறீர்கள். யாரை நம்புவது?

இரண்டும் உண்மை, அளவும் வழியும் வேறு. பேஸ்ட்டில் உள்ள புளோரைடு பல்லின் மேற்பரப்பில் பட்டுச் சொத்தையைத் தடுக்கிறது, பிறகு துப்பப்படுகிறது. இந்தியச் சட்டப்படி பற்பசையில் புளோரைடு பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அது தண்ணீருக்குரிய வரம்பைப் போல் பல நூறு மடங்கு என்பதால் விழுங்கக் கூடாது. துப்பத் தெரியாத சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், அதுவும் தண்ணீரிலேயே புளோரைடு மிகுந்த ஊரில், எந்தப் பேஸ்ட்டை எவ்வளவு வைக்கலாம் என்று பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பல் எல்லாம் முளைத்த பெரியவர்கள் போர் தண்ணீரையே குடிக்கலாம் இல்லையா?

பல்லுக்குப் புதிதாகக் கேடு வராது என்பது சரி. முன்பே சொன்னபடி எனாமல் உருவாகும் பருவம் முடிந்துவிட்டது. ஆனால் எலும்பு வாழ்நாள் முழுவதும் புளோரைடைச் சேர்த்துவைக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குக் கழுத்து, முதுகு, மூட்டுகளில் வலியும் இறுக்கமும் வரக்கூடும். எல்லா மூட்டு வலியும் புளோரைடால் வந்ததாகாது; காரணத்தை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும், அவரிடம் எந்தத் தண்ணீர் குடிக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். உணவில் கால்சியம் போதிய அளவு இருந்தால் புளோரைடு உடலில் ஏறுவது ஓரளவு குறையும். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கூழும் இதற்கு நல்ல துணை, தண்ணீரை மாற்றாமல் அவற்றை மட்டும் நம்புவது போதாது என்றாலும். கட்டன் தேநீரிலும் கருப்பு உப்பிலும் புளோரைடு உண்டு. அவற்றைக் குறைப்பது நல்லது.

எங்கள் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர் போதாதபோது போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றி, பிறகு மருந்து போடுகிறார்கள். குழாயில் குளோரின் வாசனை வருகிறது. அப்படியானால் அது நல்ல தண்ணீர்தானே?

வாசனை, கிருமி நீக்கம் நடந்திருக்கிறது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. புளோரைடைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கலப்பின் கணக்கு எளிது. ஒகேனக்கல் தண்ணீரில் புளோரைடு 0.3 என்றும், போர் தண்ணீரில் 3 என்றும் வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 ஆகும், வரம்பைத் தாண்டிவிடும். நான்கில் மூன்று பங்கு ஒகேனக்கல் தண்ணீரானால் ஏறத்தாழ 0.98, வரம்புக்குள் வரும். கோடையில் ஆற்று நீர் வரத்து குறைந்து போர் தண்ணீர் கூடும் வாரங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆகவே ஊராட்சியில் கேட்க வேண்டியவை இரண்டு. தொட்டிக்குள் எந்தத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்பது ஒன்று. கலந்த தண்ணீரைக் குழாயடியில் பிடித்து, குறிப்பாகக் கோடையில், புளோரைடுக்குச் சோதித்த எண் என்ன என்பது மற்றொன்று. இரண்டு தண்ணீரையும் தனித்தனி நேரத்தில் விட இயலுமானால் அதுவே மேல்; அப்போது ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரத்தில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ப்ளீச்சிங் பவுடர் மூட்டை வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் வீரியம் இழந்துவிடும் என்பதால், அதைக் காற்றுப் புகாமல் நிழலில் வைக்கும்படியும் ஆபரேட்டரிடம் அன்போடு சொல்லுங்கள்.